சின்க்வே டெர்ரே: ஐந்து கடலோர ஊர், கொஞ்சம் நடை

குமரி மாவட்டத்து நீரோடியில் தொடங்கி தூத்தூர் வரை ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கும் நம்ம கடற்கரையில் நடந்து பழகியவர்களை இத்தாலியின் சின்க்வே டெர்ரே ஏமாற்றிவிடும். மேப்பில் பார்த்தால் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மூன்றரை கிலோமீட்டர்தானே என்று தோன்றும். அங்கே நடக்கும் பாதையில் மணல் கிடையாது, நிறையப் படிக்கட்டு.

மொன்டெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்ஸாவுக்கு அந்த மூன்றரை கிலோமீட்டர் நடக்க இரண்டு மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே செங்குத்தான ஏற்றம். சில இடங்களில் ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போகலாம். காலை எட்டு மணிக்குமுன் கிளம்பினால் வெயிலிலிருந்தும் நெரிசலிலிருந்தும் தப்பலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். ரப்பர் செருப்போடு போனால் அபராதம், அதில் தப்பே இல்லை.

இந்த முக்கியப் பாதைக்குக் கட்டணம் உண்டு. மழை எச்சரிக்கை வந்தால் மூடிவிடுவார்கள். சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர்கள்தான் அந்தச் சரிவுகளைத் தாங்குகின்றன. பராமரிப்பு போனால் மண் சரியும். 2011 அக்டோபர் வெள்ளத்தில் வெர்னாட்ஸா சேற்றில் புதைந்தது. அதனால் முந்தின இரவே சின்க்வே டெர்ரே தேசியப் பூங்காவின் இணையதளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஐந்து ஊரில் கோர்னில்யா மட்டும் கடலிலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரத்தில். ரயில் நிலையத்திலிருந்து ஏற 380-க்கும் மேல் படிகள். முட்டுவலிக்காரர்கள் பஸ் பிடிக்கலாம். ஊருக்கு ஊர் ரயிலில் சில நிமிடம்தான்; காகித டிக்கெட்டை ஏறும்முன் மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள்.