அந்த ஸ்டிக்கர தூக்கிப் போட்டுடாதீங்க

போன மாசம் எங்க தெரு அக்கா ஒருத்தங்க என்கிட்ட வந்தாங்க. எட்டு வருஷம் முன்னாடி மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் ஆகி, எடுத்த இடத்துல சிலிக்கான் இம்ப்ளான்ட் வச்சிருக்காங்க, இப்போ ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கியிருக்கு. பாத்த டாக்டர் முதல்ல கேட்டது, எந்த கம்பெனி, மேல்பக்கம் சொரசொரப்பா வழவழப்பான்னுதான். டிஸ்சார்ஜ் சம்மரில 'இம்ப்ளான்ட் வைக்கப்பட்டது'ன்னு ஒரே வரி, ஆபரேஷன் பண்ண இடத்துல கேட்டா பழைய ஃபைல் இல்லன்னுட்டாங்க. எனக்கு மனசு ஆறவே இல்ல.

ஏன்னா நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இம்ப்ளான்ட் டப்பாவ பிரிச்சா உள்ள சின்ன சின்ன ஸ்டிக்கரா இருக்கும், கம்பெனி, சைஸ், லாட் நம்பர், சீரியல் நம்பர் எல்லாம் அதுல. ஒண்ணு கேஸ் ஷீட்ல, ஒண்ணு பேஷன்ட் கார்டுல ஒட்டணும். கேஸ் நீண்டு போன ராத்திரில அந்த ஸ்டிக்கர் டப்பாவோட குப்பைக்குப் போறத நானே பாத்திருக்கேன்.

பிரான்ஸ்ல பிஐபின்னு ஒரு கம்பெனி, உடம்புக்குள்ள வைக்கிறதுக்குன்னு அனுமதி வாங்காத மலிவான சிலிக்கான இம்ப்ளான்ட்ல அடைச்சு வித்தது 2010ல வெளிய வந்துச்சு. பிரிட்டன்ல மட்டும் சுமார் 47,000 பொண்ணுங்களுக்கு அத வச்சிருந்தாங்க. யார் யாருக்குன்னு பாக்க ஒரு தேசியப் பதிவேடு வேணும்ல, அங்க 1993ல ஆரம்பிச்சு நடத்திட்டுதான் இருந்தாங்க, பேஷன்ட் சம்மதிச்சாதான் பேர் ஏறும்ங்கிறதால நிறைய பேர் ஏறாமலே போய், கடைசில 2006ல மூடிட்டாங்க. மூடி நாலே வருஷத்துல இந்த பிஐபி விஷயம் வெடிச்சுது. திரும்ப ஆரம்பிச்சது 2016ல. ஆஸ்திரேலியால அத மாத்திப் போட்டாங்க, எல்லார் பேரும் தானா ஏறிடும், வேண்டாம்னு சொன்னா மட்டும் எடுப்பாங்க. இதுதான் சரின்னு எனக்குப் படுது, ஆபரேஷன் டென்ஷன்ல இருக்கற பொம்பளைகிட்ட இன்னொரு ஃபார்ம நீட்டினா அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்.

சொரசொரப்பு விஷயம் இன்னும் பெருசு. இம்ப்ளான்ட்ட சுத்தி உடம்பு ஒரு சவ்வு கட்டும், அதுல அபூர்வமா, பெரும்பாலும் சொரசொரப்பான இம்ப்ளான்ட் வச்சவங்களுக்கு, ஒரு லிம்ஃபோமா வருது. இது மார்பகப் புற்று இல்ல, நிணநீர் செல்லுல வர்ற கேன்சர். பெரும்பாலும் வச்சு ஏழெட்டு வருஷம் கழிச்சு, நீர் கோத்து வீங்கறதுலதான் தெரியும். ஒரு சர்ஜன் தன் வாழ்நாள்ல ஒரு கேஸ் பாத்தாலே அதிகம், அந்த ஒண்ண வச்சு அவருக்கு என்ன புரியும்? நாடு நாடா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சப்பறம்தான் புரிஞ்சுது, 2019 ஜூலைல மருந்து, மருத்துவக் கருவிகள கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ கணக்குல உலகம் முழுக்க 573 கேஸ், 33 சாவு, அதுல 481 கேஸ் அலர்கன்ங்கிற ஒரே கம்பெனியோட இம்ப்ளான்ட். அந்த மாசமே அதோட பயோசெல்ங்கிற சொரசொரப்பு ரகத்த திரும்ப வாங்கிக்க வச்சாங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சு இம்ப்ளான்ட்டையும் சவ்வையும் முழுசா எடுத்துட்டா நிறைய பேருக்கு குணமாயிடுது.

அதனால வீட்ல யாருக்காவது இம்ப்ளான்ட் வச்சிருந்தா கார்டு எங்கன்னு இன்னைக்கே தேடுங்க, போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. நர்ஸா இருக்கீங்கன்னா தையல் முடியறதுக்கு முன்னாடியே ஒட்டிடுங்க, நான் இப்போ அப்படித்தான் பண்றேன், மூணாவதா ஒண்ண டிஸ்சார்ஜ் சம்மரிலயும் ஒட்டிடறேன்.

அக்காவுக்கு ஸ்கேன் பாத்து ஊசில நீர் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க, நல்லவேளை கேன்சர் செல் இல்ல. உள்ள இருக்கறது எந்த கம்பெனின்னு மட்டும் இன்னும் தெரியல.