ஒட்டாமல் கொடுத்த உறை

அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அங்குள்ள எல்லாருக்கும் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். மாங்குளம் - முல்லைத்தீவு வீதியில் இறங்கி உள்ளே போனால், ஒரு குளக்கட்டுக்குக் கீழே இருக்கும் சின்னப் பள்ளிக்கூடம். அவ்வளவு போதும்.

2013இல் அங்கே நான் மூன்றாம் தர வகுப்புக்கு ஆசிரியை. விசேட கல்வியில் அப்போது நான் ஒரு நாள் பயிற்சிகூடப் பெற்றிருக்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை. எட்டு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கேள்வி கேட்டால் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பக்கத்துப் பிள்ளை செய்வதைப் பார்த்துத்தான் தானும் செய்வாள். ஒரு தவணை பொறுத்திருந்துவிட்டு அதிபரிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்கோ ரீச்சர், ரிப்போட் வந்தால் யூனிற்றில போடலாம்" என்றார். குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான விசேட கல்வி அலகை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அது இருந்தது 11 கிலோமீற்றர் தள்ளி, இன்னொரு பள்ளிக்கூடத்தில்.

நான் எழுதியது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். "இப்பிள்ளை மந்தபுத்தியுடையவராகக் காணப்படுகிறார். பரிசோதித்து அறிக்கை தரவும்." இரண்டே வசனம். மடித்து உறையில் வைத்தேன். உறையை ஒட்டவில்லை. ஒட்ட வேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை.

தாய் கூலி வேலைக்குப் போய்விடுவார், அம்மம்மாதான் வந்தார். "பிள்ளை, இதை ஆரிட்டைக் குடுக்கிறது?" என்று கேட்டார். முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் கொடுக்கச் சொன்னேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதை நான் கேட்டறியவில்லை. போகிற வழியில் சங்கக்கடையில் நின்று, இதில் என்ன கிடக்கு என்று கேட்டிருக்கிறார். கடையில் இருந்தவர் உதவி செய்வதாக நினைத்துக் கொஞ்சம் உரத்தே வாசித்திருக்கிறார். சாமான் வாங்க நின்ற ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். பிள்ளையும் அம்மம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

அடுத்த கிழமை வகுப்புப் பிள்ளைகளே அவளை அந்தச் சொல்லால் கூப்பிட்டார்கள். நான் அடக்கினேன், அதட்டினேன். ஆனால் சொல்லை எழுதியவள் நான்தான். மூன்றாம் கிழமை அவள் வரவில்லை. பிறகு ஏழு மாதம் வரவேயில்லை.

வீடு தேடிப் போனபோது தாய் என்னை முற்றத்திலேயே நிற்க வைத்துக் கதைத்தார். கோபமாக அல்ல, பயத்தோடு. "என்ரை பிள்ளையின்ரை பேரை எங்கையெல்லாம் பதிஞ்சு போட்டியள் ரீச்சர்?" இந்தக் கேள்வியின் பாரம் வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு உடனே விளங்காது. 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்த சனத்துக்கு முதலில் கிடைத்ததே பதிவுதான். பேர், வயது, இயக்கத்தோடு தொடர்பு, வீட்டில் காணாமற்போனவர் யார் என்றெல்லாம் கேட்டார்கள். செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலும் பதிந்தார்கள், மீளக்குடியேறிய பிறகும் பதிந்தார்கள். ஒரு பட்டியலில் பேர் இருந்தால் என்ன நடக்கும், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அந்தத் தாய்க்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிள்ளையின் அந்தரங்கம் என்பதெல்லாம் வெளிநாட்டுப் பேச்சு, நம் சனத்துக்கு அது தேவையில்லை என்று பயிற்சிப் பட்டறைகளில் சிலர் சொல்லும்போது அந்த முற்றம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

தாயைச் சம்மதிக்க வைக்கக் குடும்பநல உத்தியோகத்தர்தான் உதவினார். பிள்ளைக்கு அடிக்கடி காதில் சீழ் வடியும் என்று அவரிடம் தாய் சொல்லியிருந்தார். என்னிடம் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் பார்த்தபோது இரண்டு காதுச் சவ்விலும் துளை. கேட்கும் திறன் பாதிக்குமேல் போயிருந்தது. ஷெல் விழுந்த சத்தத்தில் போனதென்று தாய் சொன்னார். பிறகு தொற்றி வடிந்ததில் கூடியதென்று வைத்தியர் சொன்னார். பிள்ளை எத்தனை மாதத்தில் கதைத்தாள் என்று பார்க்கக் கிளினிக் கொப்பி இல்லை. அது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு சேர்ந்து கடற்கரை மணலில் போய்விட்டது. புத்தியில் ஒரு குறையும் இல்லை.

அன்றிரவு அவளுடைய பழைய கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். கரும்பலகையைப் பார்த்து எழுதியதெல்லாம் முத்து முத்தாக, ஒரு குற்றுக்கூடத் தப்பவில்லை. சொல்வதெழுதலில் 10க்கு 2. "பட்டம்" என்றதற்குப் "பத்தம்", "கல்" என்றதற்குப் "பல்". என் கையாலேயே சிவப்பு மையில் பிழை போட்டிருக்கிறேன். பார்த்தால் சரி, கேட்டால் பிழை. அந்தக் கொப்பி ஒரு வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் விசேட கல்விக் கற்கைநெறியில் சேர்ந்தேன். இப்போது நானே ஓர் அலகை நடத்துகிறேன். இன்று எழுதும் துண்டுகளில் நோயின் பேரோ குறைபாட்டின் பேரோ இருக்காது. அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். நான் கண்டதை மட்டும் எழுதுவேன். "பின்னால் நின்று பேர் சொல்லி 5 தரம் கூப்பிட்டேன், ஒரு தரமும் திரும்பவில்லை. முன்னால் நின்று கூப்பிட்டபோது 5 தரமும் திரும்பினார்." வைத்தியருக்கும் இதுதான் உதவும். எழுதியதைத் தாய்க்கோ தகப்பனுக்கோ தனியே இருத்தி வாசித்துக் காட்டுவேன். விருப்பமில்லாத சொல்லை எடுத்துவிடுவேன். கையெழுத்து வாங்கிய பிறகு அவர்களுக்கு முன்னாலேயே உறையை ஒட்டுவேன்.

கொடுப்பனவுக்குத் தகுதி என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் இழுக்கும். அங்கவீனக் கொடுப்பனவு 2024இல் மாதம் 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவானது. கூலியில்லாத மாதத்தில் ஒரு வீட்டுக்கு அது அரிசியும் மாவும். அந்தக் காசுக்குக் குறைபாடு பெரிதாக எழுதப்பட வேண்டும். அதே வீட்டில் கலியாண வயதில் ஒரு அக்கா இருந்தால், அதே குறைபாடு ஊருக்குத் தெரியவே கூடாது. "இதைக் கொஞ்சம் கூட்டி எழுதுங்கோ ரீச்சர்" என்று காலையில் வந்த தகப்பன், "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று பின்னேரம் திரும்பி வந்திருக்கிறார். இரண்டும் நியாயம்தான். கூட்டி எழுத என்னால் முடியாது. சொல்லாமல் இருக்க முடியும், இருக்கிறேன்.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அங்கவீனத்தைக் காரணம் காட்டி ஒருவரைப் பாடசாலையில் சேர்க்காமல் விடக்கூடாது என்று 1996 இன் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கட்டாயக் கல்வி வயது 2016 இல் 16 ஆக உயர்ந்தபோது இந்தப் பிள்ளைகள் வேறு, அந்தப் பிள்ளைகள் வேறு என்று பிரிக்கவில்லை. 2022 இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் பிள்ளையின் தரவையும் விசேட வகையில் வைத்திருக்கிறது. ஆனால் கொரோனாக் காலத்தில் தொடங்கிய ஆசிரியர் வாட்ஸ்அப் குழு ஒன்றில், பேர், பிறந்த திகதி, குறைபாடு, தாயின் தொலைபேசி இலக்கம் எல்லாம் ஒரே அட்டவணையாக வந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அனுப்பியவர் கெட்டவர் அல்ல, மேலிடம் அவசரமாகக் கேட்டது. குழுவில் இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். அவர்களுடைய கைத்தொலைபேசியை வீட்டில் பிள்ளைகளும் எடுத்துப் பார்ப்பார்கள்.

அதைவிடக் கஷ்டம் நன்கொடையாளரோடு கதைப்பது. வெளிநாட்டிலிருந்து நம் சனம் உழைத்து அனுப்பும் காசில் சக்கர நாற்காலி வருகிறது, சப்பாத்து வருகிறது. அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படம் கேட்கிறார்கள். பிள்ளையின் முகம் தெரிய, பொருளைக் கையில் பிடித்தபடி, பேஸ்புக்கில் போட. நான் மறுக்கத் தொடங்கியதில் இரண்டு உதவிகள் நின்றுபோயின. அதில் ஒன்று கேட்கும் கருவிக்கான பற்றரி. அதை நினைத்து நித்திரை வராத இரவுகள் உண்டு. இருந்தும் மறுக்கிறேன். பெட்டியைப் படம் எடுங்கள், பற்றுச்சீட்டை அனுப்புகிறேன் என்கிறேன். சிலர் விளங்கிக்கொள்கிறார்கள்.

என் அக்கா கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். அவருடைய மகனுக்கு வாசிப்பில் சிக்கல் வந்தபோது நடந்ததை ஒருநாள் தொலைபேசியில் விவரித்தார். ஒன்ராறியோவில் பெற்றோர் எழுத்தில் கேட்டாலே, பிள்ளைக்கு விசேட கல்வி தேவையா, எங்கே படிப்பது என்று தீர்மானிக்கும் குழுவுக்கு அதிபர் விடயத்தை அனுப்பியாக வேண்டும். குழு கூடும்போது பெற்றோர் இருக்கலாம், தங்களுக்காகக் கதைக்க ஒருவரைக் கூட்டிப் போகலாம். முடிவில் உடன்பாடில்லையென்றால் மேன்முறையீடும் செய்யலாம். 16 வயதானால் பிள்ளையும் அந்த மேசையில் இருக்கலாம். அக்கா சொன்னதில் இந்தக் கடைசி விடயம்தான் எனக்குள் தங்கிவிட்டது. நான் இத்தனை துண்டு எழுதியிருக்கிறேன், தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். யாரைப் பற்றி எழுதினேனோ அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

அந்தப் பிள்ளை கேட்கும் கருவியோடு பள்ளிக்கூடம் திரும்பி, சாதாரண வகுப்பிலேயே முன்வாங்கில் இருந்து படித்தாள். ஓ.எல். என்னும் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடம் என்னைத் தேடி வந்தாள். பரீட்சைத் திணைக்களத்திடம் மேலதிக நேரமும் தனியான ஒழுங்கும் கேட்க, வைத்திய அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு உதவி கேட்டு வந்தவள் போகாமல் நின்றாள்.

"ரீச்சர், அந்த முதல் துண்டில என்னைப் பற்றி என்ன எழுதினனீங்கள்?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. அவளுடைய கோவையில் வைத்திருந்த பிரதியை இரும்பு அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். முகம் மாறவில்லை.

"கடையில வாசிக்கேக்கை எனக்குக் கேக்கேல்லை. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில என்னைத் திரும்பிப் பாத்தவை" என்றாள். பிறகு, "இனி எழுதினால் அனுப்ப முதல் எனக்கு ஒருக்கா வாசிக்கத் தாங்கோ."

அந்தக் கிழமையே விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தை எழுதி அவளிடம் கொடுத்தேன். பேனையை எடுத்து இரண்டு இடத்தில் திருத்தினாள். நான் இடது காதுக்குத்தான் கூடுதல் பாதிப்பு என்று எழுதியிருந்தேன், வலது என்று மாற்றினாள். "கேட்க முடியாதவர்" என்றிருந்ததை வெட்டிவிட்டு, மேலே சின்ன எழுத்தில், "முன்னால் நின்று ஆறுதலாகச் சொன்னால் கேட்கும்" என்று எழுதினாள்.