ஏவுகணை தவறினால்தான் விளையாட்டு
வியட்நாம் போரில் அமெரிக்க ஃபேண்டம் விமானங்களிலிருந்து ஏவப்பட்ட ஸ்பேரோ ஏவுகணைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே இலக்கைத் தாக்கியது என்ற உண்மையை அப்படியே ஒரு வான்போர் வீடியோ விளையாட்டில் புகுத்தினால், பாதிப்பேர் அன்றைக்கே விளையாட்டை நீக்கிவிடுவார்கள். ஏஸ் காம்பாட் போன்ற விளையாட்டுகள் ஒரே விமானத்தில் பல டஜன் ஏவுகணைகளைத் தருவதற்கும் இதுவே காரணம்; அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

சிக்கல், மெய்ம்மையை விரும்பும் விளையாட்டுகளில்தான் எழுகிறது. ஏவுகணையின் மோட்டார் சில நொடிகளே எரியும். அதன்பின் அது சேர்த்துவைத்த வேகத்தில்தான் பறக்கிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த வேகத்தை இழக்கிறது. காற்று அடர்ந்த தாழ்வான உயரத்தில் அதன் எட்டும் தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும் என்பதால், எதிரி மூக்கைத் தாழ்த்திக் கீழிறங்கித் திரும்பிப் பறந்தாலே தப்பிவிடலாம். டிசிஎஸ் என்ற போர்விமான சிமுலேட்டர் விளையாட்டில் இதை உணரும் இன்பமே தனி.

வெப்பத்தைத் தேடிச் செல்லும் சைட்வைண்டர் ஏவுகணையின் தொடக்ககால வகைகளை எதிரியின் வால்பக்கமிருந்துதான் ஏவ முடியும்; 1982 ஃபாக்லாந்து போரில் பயன்பட்ட அதன் ஏஐஎம்-9எல் வகையோ முன்புறமிருந்தும் இலக்கைப் பற்றும். மெதுவாகப் பறக்கும் ஏ-10 விமானத்துக்கு வார் தண்டர் விளையாட்டில் இந்த வகையைக் கொடுத்தபோது, ஏவுகணையைத் திசைதிருப்பும் வெப்பப் பொறியான ஃபிளேர்கூட இல்லாத பழைய ஜெட்டுகள் அதன் எதிரே சிக்கித் திணறின. இதற்காக ஏவுகணையின் கூர்மையை மழுக்குவதைவிட, யாரை யாரோடு மோதவிடுவது என்பதை மாற்றுவதே முறை என்பேன்.