கன்னி மூலையும் நாலு மணி வெயிலும்

வீடு கட்டித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பட்ஜெட் இல்லை. "பகல்ல வீட்டுல யார் இருப்பீங்க? ராத்திரி யார் எந்த ரூம்ல படுப்பீங்க?" என்பதுதான். இது என்ன கேள்வி என்று சிலர் முகத்தைப் பார்ப்பார்கள். திருச்சியில் வீடு கட்டுகிறவன் இதைத் தெரிந்துகொள்ளாமல் பிளான் போட்டால், மீதிக் காலம் முழுக்க அந்தக் குடும்பம் வெயிலுக்கு ஏ.சி. போட்டுக் கரண்ட் பில் கட்டும்.

இப்போது எல்லோரும் "கிரீன் பில்டிங்" கேட்கிறார்கள். சோலார் பேனல், மாடித் தோட்டம், முடிந்தால் ஒரு சர்டிஃபிகேட். எனக்கு அதில் சண்டை இல்லை. பேனலின் நிழல் மொட்டை மாடிக்கு நல்லதுதான். ஆனால் ஏ.சி. ஓடாதபோது வீடு எப்படி இருக்கிறது என்பதைக் கூரை, மேற்குச் சுவர், காற்று போகும் வழி இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. அதிலும் தனி வீட்டுக்கு முக்கால் பங்கு கூரைதான் என்பது என் கட்சி.

காரணம் சூரியன் இருக்கும் இடம். சித்திரை பிறந்து நாலைந்து நாளில் நடுப்பகல் சூரியன் திருச்சிக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்புறம் வடக்கே நகர்ந்து, ஆவணியில் திரும்பவும் உச்சிக்கு வரும். வெயில் காலம் முழுக்க அடி வாங்குவது மாடித் தளம்தான். ஐந்து அங்குல கான்கிரீட் ஸ்லாபுக்கு வெயிலைத் தடுக்கத் தெரியாது. வாங்கி, மூன்று நாலு மணி நேரம் வைத்திருந்து, கீழே விடும். மேல்பக்கம் 58 டிகிரி, அறைக்குள் 28 டிகிரி வேண்டும் என்றால், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை ஒன்றுக்குக் கூரை வழியாக மட்டும் சுமார் 1,500 வாட் சூடு இறங்கும். இது தோராயக் கணக்குதான். இருந்தாலும் தலைக்கு மேலே இரண்டு இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து வைத்துவிட்டு ஏ.சி. போட்ட மாதிரி.

மத்திய அரசின் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' 2018-இல் வந்தது. குடியிருப்புகளுக்கான விதித் தொகுப்பு அது. அதன்படி கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் சூடு போகக் கூடாது. வெறும் ஸ்லாப் இதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் விடும். ஸ்லாபின் மேல் ஒரு அங்குலம் எக்ஸ்.பி.எஸ். போர்டு (சூட்டைத் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை) போட்டு, அதற்கு மேல் வழக்கமான தட்டோடு பதிக்கும் வேலையைச் செய்தாலே கணக்கு தேறிவிடும். போர்டு மேலேதான் இருக்க வேண்டும். கீழே ஃபால்ஸ் சீலிங்குக்குள் திணித்தால், ஸ்லாப் அதுபாட்டுக்குக் காய்ந்துகொண்டே இருக்கும்.

போர்டு போட வசதி இல்லாதவர்களுக்கு வெள்ளை. போன மே மாதம் என் ஆபீஸ் மொட்டை மாடியில் பாதிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, மீதியை அப்படியே விட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு, தொடாமலே சூட்டை அளக்கும் ஐ.ஆர். தெர்மாமீட்டரை நீட்டினால், சிவப்புத் தட்டோடு பக்கம் 59, வெள்ளைப் பக்கம் 43. கீழே அறைக்குள் சீலிங்கில் நாலு டிகிரி வித்தியாசம். தெலங்கானாவில் 2023-இலேயே, இப்படிக் கூரை சூடேறாமல் பார்த்துக்கொள்ளும் கூல் ரூஃப் கொள்கை ஒன்று கொண்டுவந்து, பெரிய கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமே ஆக்கிவிட்டார்கள். இங்கே இன்னும் அது பெயிண்ட் கடைக்காரர் சொல்லும் யோசனையாகத்தான் இருக்கிறது.

சரி, கூரை முடிந்தது. மேற்குச் சுவருக்கு வருவோம். அங்கேதான் வாஸ்து வரும்.

இப்போது கே.கே. நகர் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வீடு நடக்கிறது. மாஸ்டர் பெட்ரூம் கன்னி மூலையில்தான் வேண்டும் என்றார். கன்னி மூலை என்றால் தென்மேற்கு. ராத்திரி படுப்பதற்கு வீட்டிலேயே சூடான இடங்களில் அது ஒன்று. மேற்குச் சுவரில் வெயில் உறைப்பது நாலு மணிக்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதை உள்ளே கொண்டுவர ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கூட்டிப் பார்த்தால் ராத்திரி பத்து, பதினொன்று. சரியாக லைட்டை அணைத்துப் படுக்கும் நேரம்.

"தம்பி, மூணு தலைமுறையா கன்னி மூலையிலதான் படுக்கிறோம்" என்றார் அவர்.

"இப்ப இருக்கிற வீட்டுல எப்படி இருக்கு சார்?"

அவர் பதில் சொல்லவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "எட்டு மணிக்கு மேல அந்தச் சுவத்துல சாய முடியாது. இவர் ஹால்ல வந்து படுத்துக்குவார், கேளுங்க."

வாஸ்துவோடு நான் மோதுவதில்லை. மோதினால் வேலை போகும், அதோடு வாஸ்துவுக்குள்ளேயே வழியும் இருக்கும். மாடிப்படி தெற்கிலோ மேற்கிலோ வரலாம் என்று வாஸ்துக்காரர்களே சொல்கிறார்கள். அப்படியானால் படியை மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் போட்டுவிட்டால் அதுவே வெயிலுக்குக் குடை. அறைக்குள் மேற்குச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து லாஃப்ட் வரை அலமாரி. கட்டில் கிழக்குப் பக்கம், தலை தெற்கே. அந்த ஒரு சுவரை மட்டும் ஏ.ஏ.சி. பிளாக்கில் (உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான சிமெண்ட் கல்) கட்டச் சொன்னேன். செங்கலைவிட அதில் சூடு கடப்பது பல மடங்கு குறைவு. செங்கல்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ரேட் ட்ராப் பாண்ட். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளாவில் பரப்பிய முறை, செங்கலும் மிச்சம். ஆனால் திருச்சியில் அதைப் பிசிறில்லாமல் கட்டும் கொத்தனாரைத் தேட வேண்டும்.

மேற்கு ஜன்னலுக்கு "சன்ஷேடு இருக்கே" என்பார்கள். நாலு மணிக்கு வெயில் 34 டிகிரி சாய்வில் வருகிறது. இரண்டடி சன்ஷேடின் நிழல் ஒன்றரை அடிகூட இறங்காது. நாலடி ஜன்னலில் மீதியெல்லாம் வெயில். அங்கே நிற்கவைத்த தட்டிதான் வேலை செய்யும், அல்லது ஒரு புங்க மரம். சன்ஷேடு உண்மையில் பயன்படுவது வடக்கிலும் தெற்கிலும்தான்.

"பழைய வீடெல்லாம் எவ்வளவு குளுகுளுன்னு இருக்கும்" என்ற பேச்சை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஸ்ரீரங்கத்து ஓட்டு வீடுகள் பகலில் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கனத்த சுவர் குளிர வேண்டுமென்றால் ராத்திரிக் காற்று குளிர வேண்டும். மே மாதம் இங்கே விடியற்காலையிலும் காற்று பெரிதாகக் குளிர்வதில்லை. அந்த வீடுகளில் மனிதர்கள் இடம் மாறினார்கள். மத்தியானம் ரேழியில் கிடந்தார்கள், ராத்திரி திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ பாயை எடுத்துக்கொண்டு போனார்கள். சுவர் தன் சூட்டை ஆளில்லாத அறையில் கக்கிக்கொண்டிருந்தது. நாமோ கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு அதே அறையில் படுக்கிறோம். பழைய சுவரை மட்டும் காப்பியடித்தால் போதாது. பகலில் புழங்கும் ஹாலுக்குக் கனத்த சுவர் இருக்கட்டும். ராத்திரி அறைக்குச் சீக்கிரம் ஆறிவிடும் லேசான சுவர், எதிரெதிர் ஜன்னல், கொசுவலை. நான் பிளான் போடுவது இப்படித்தான்.

காற்றோட்டத்துக்கு யாராவது உதாரணம் கேட்டால் புதுச்சேரிக்குப் போகச் சொல்வேன். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதி, கட்டடக் கலைஞர்கள் அன்டோனின் ரேமண்டும் ஜார்ஜ் நகாஷிமாவும் 1930-களில் தொடங்கிய கான்கிரீட் கட்டடம். நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக, திருப்பி மூடக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வடக்கில் நடை, தெற்கில் அறைகள். நடுவில் உள்ள தேக்குக் கதவுகளில் சட்டங்கள் முன்னும் பின்னுமாக அமைந்திருப்பதால், மூடினாலும் காற்று போகும், ஆள் தெரியாது. கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி இடையில் காற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஸ்லாபில் நேர் வெயில் படுவதே இல்லை. கண்ணாடி முகப்பு (எலிவேஷன்) படத்தைப் போனில் காட்டும் வாத்தியார் மகனிடம் இதைத்தான் காட்டினேன். "ஹாஸ்டல் மாதிரி இருக்கு அங்கிள்" என்றான். ஹாஸ்டல்தான்.

மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது எப்படி என்று போனில் கேட்டவர்களுக்கு: கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, தளத்தை நன்றாகக் கழுவி ஈரத்தோடு சாயங்காலம் இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. தண்ணீர் தேங்கும் பள்ளம் இருந்தால் முதலில் வாட்டத்தைச் சரி செய்யுங்கள். தையிலோ மாசியிலோ அடியுங்கள், ஐப்பசியில் அடித்தால் மழையோடு போய்விடும். வருஷா வருஷம் திரும்ப அடிக்க வேண்டும், ஏனென்றால் தூசி படிந்தால் வெள்ளை வேலை செய்யாது. அடிக்கும்போது சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.