மௌலவியை ஏன் மறித்தேன்

மௌலவி எழுந்து, "எங்கட சமூகத்தின் சார்பில உங்கள் எல்லாரிட்டயும் மன்னிப்பு..." என்று தொடங்கியதும் நான் குறுக்கிட்டேன். "அது நீங்க கேட்க வேண்டியதில்ல மௌலவி, இருங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். நிகழ்ச்சி நிரலில் அடுத்ததுக்குப் போய்விட்டோம்.

தேத்தண்ணி நேரத்தில், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில், மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் என்னிடம் வந்தார். "அவர் கேக்கத்தானே எழும்பினவர். நீங்க ஏன் மனே மறிச்சீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "செய்யாத ஆள் ஏன் அம்மா கேக்கணும்?" என்றேன். சரியான பதில் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் போனது அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டதால் அல்ல.

எங்கள் கிறிஸ்தவ அமைப்பு நடத்திய சந்திப்புகளில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொருவரும் தனக்கு நடந்ததை மட்டும் பேசலாம். சமூகத்தின் பிரதிநிதியாக யாரும் பேசக் கூடாது. பயிற்சிப் பட்டறையில் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிற விதிதான். ஆனால் மட்டக்களப்பில் அதற்குத் தேவை இருந்தது. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள் குழந்தை குட்டியோடு படையினரால் கொல்லப்பட்டார்கள். ஒருவர் காத்தான்குடி என்றால் மற்றவர் சத்துருக்கொண்டான் என்பார். இவர் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட ஏறாவூர் என்றால் அவர் முஸ்லிம் ஊர்காவல் படை என்பார். பிரதிநிதிகளைப் பேசவிட்டால் பின்னேரம் வரை இந்தப் பட்டியல்தான் ஓடும். அப்படி ஓடிய கூட்டங்களில் நான் இருந்திருக்கிறேன்.

அதோடு, அது 2019. உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சோதனைச்சாவடியிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் முஸ்லிம்கள் கேட்காமலே கண்டனம் தெரிவித்துக்கொண்டிருந்த காலம். காத்தான்குடிக் கடைகளுக்குத் தமிழ்ச் சனம் போவதை நிறுத்தியிருந்தது. ஏப்ரல் 29 அவசரகால விதிப்படி முகம் மூடத் தடை வந்ததால், எங்கள் கூட்டத்துக்கு வந்த சில பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னால் திறந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கடைசிவரை கைலேஞ்சியை வாயருகிலேயே வைத்திருந்தார். அந்த மண்டபத்தில், சிலுவைக்குக் கீழே, ஒரு பெரிய மனிதர் மன்னிப்புக் கேட்டால் அது அவராக மனம் வந்து கேட்டதாகுமா? அவரும், அந்தக் குண்டுத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடி சஹ்ரானின் எதிர்முகாம்தான். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்கள் சூஃபி வழியினரோடு மோதியதிலிருந்தே அவனைப் பற்றி எச்சரித்தவர்கள் காத்தான்குடியிலேயே இருந்தார்கள். அவர்களைக் கொண்டு அவனுக்காக மன்னிப்புக் கேட்க வைப்பதா? என் வாதம் இவ்வளவு பலமானது. நீதிமன்றம் என்றால் வென்றிருப்பேன்.

ஆனால் மன்னிப்பை அந்தத் தாய் வேறு யாரிடம் எதிர்பார்ப்பது? சியோனுக்குக் குண்டோடு வந்தவன் குண்டோடு போய்விட்டான். அவனுடைய உடலில் மிஞ்சியதை முஸ்லிம்கள் தங்கள் மையவாடியில் அடக்க மறுத்தார்கள். ஆகஸ்டில் அதைப் பொலிஸ் கள்ளியங்காட்டு இந்து மயானத்தில் புதைத்தபோது தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள். செய்தவன்தான் கேட்க வேண்டும் என்பது நல்ல நியாயம். இந்த மாவட்டத்தில் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒருவரும் ஒருவரிடமும் கேட்க மாட்டார்கள். காத்தான்குடிக்கும் சத்துருக்கொண்டானுக்கும் யாரும் தண்டிக்கப்படவில்லை. புனித மைக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய கத்தோலிக்கக் குரு யூஜின் ஹெபர்ட் சுவாமி 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து வெஸ்பாவில் புறப்பட்டவர், கூட வந்த பையனோடு காணாமல் போனார். சமாதானக் குழுவில் இருந்தவர். இன்றுவரை யார் செய்தது என்று ஒருவரும் பொறுப்பேற்கவில்லை.

வேதமும் என் பக்கம் இல்லை என்று சில நாட்களில் தோன்றுகிறது. தானியேல் தான் செய்யாத பாவத்தை, செய்தவர்களோடு தன்னையும் சேர்த்து அறிக்கையிடுகிறான். பிறர் பாவத்தைச் சுமந்தவரைக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். மௌலவி அதைச் செய்ய எழும்பியபோது விதி சொல்லி இருத்தியது நான். மண்டபத்து பேனரில் எபேசியர் வசனம் வேறு, "பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்று.

சரி, அவரைப் பேசவிட்டிருந்தால்? அன்றைக்கே யாராவது போனில் பதிவுசெய்து 'முஸ்லிம்கள் ஒப்புக்கொண்டார்கள்' என்று பரப்பியிருப்பார்கள். அந்தப் பயம் கற்பனை இல்லை. மே மாதம் சிலாபத்தில் ஒரு முகநூல் குறிப்பிலிருந்து கலவரம் தொடங்கி வடமேல் மாகாணம் எங்கும் கடைகளும் பள்ளிவாசல்களும் உடைந்தன. இப்படி யோசிக்கும்போது நான் செய்தது காவல். அந்தத் தாயின் முகத்தை நினைக்கும்போது அப்படித் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு அன்று, தாக்கியவர்களை மன்னித்தோம் என்று கர்தினால் கொழும்பில் சொன்னார். பெரிய வார்த்தை, அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மட்டக்களப்பில் ஒருவர், "எங்களிட்ட ஆர் கேட்டது?" என்று சிரித்தார். எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு மன்னிப்பதைப் பற்றிப் பேச நன்றாகவே வரும். கேட்பதைப் பற்றித்தான் அவ்வளவாகப் பழக்கம் இல்லை.

மௌலவியை அப்புறம் ஒரு கூட்டத்தில் கண்டேன். நானாகவே பேச்செடுத்தேன். "நான் பயந்து கேக்க எழும்பல்ல சேர்" என்றார். "நீங்க பயந்துதான் இருத்தினீங்க." அதற்குமேல் அவர் பேச விரும்பவில்லை. நல்ல மனிதர், தொடர்ந்து வந்தார். அந்தத் தாய் மறுபடி வரவில்லை.

பின்னொரு சந்திப்பில் ஒரு தமிழ்ப் பையன் எழுந்து, 1990 பள்ளிவாசல் கொலைகளுக்காக மன்னிப்புக் கேட்டான். அவன் பிறந்ததே அதற்கு எத்தனையோ வருடம் கழித்து. நான் வாய் திறக்கவில்லை. காத்தான்குடிக்காரர் ஒருவர், "நீ பொறக்கவே இல்லையே தம்பி, உன்ட மன்னிப்ப வெச்சி நான் என்ன செய்ய? சுட்டவன் வரட்டும்" என்றார். அந்த இரவில் அவர் வாப்பாவை இழந்தவர். என் விதியைத்தான் அவர் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. ஆனால் பையன் முழுவதையும் சொல்லி முடித்திருந்தான், அவரும் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் மறுத்தார்.