தீபாவளிக்குப் பையன் யார் வீட்டில்?

விவாகரத்து என்று தெரிந்ததும் நம்மூரில் முதலில் கேட்கிற கேள்வி, "பிள்ளை யார்கிட்ட?" அடுத்தது, "நகையெல்லாம் வாங்கிட்டியா?" இரண்டையும் ஒரே குரலில்தான் கேட்கிறார்கள். எனக்கு விவாகரத்து ஆனபோதும் கேட்டார்கள், இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிற பெண்களும் சில ஆண்களும் எனக்கு எழுதுகிறபோதும் முதல் வரியில் இதுதான் இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. ஆனால் குடும்ப நல நீதிமன்ற வராண்டாவில் வாய்தாவுக்கு வாய்தா உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் பேசிப் பேசித் தெரிந்துகொண்டது கொஞ்சம் இருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்: யாரிடம் என்பதற்குச் செலவழிக்கிற சக்தியில் பாதியையாவது, மற்றவர் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்பதற்குச் செலவழியுங்கள்.

முதலில் எல்லாரும் நம்புகிற ஒரு விஷயம். ஐந்து வயதுக்குள் இருந்தால் பிள்ளை தாயிடம்தான், அதற்கு மேல் போனால் அப்பாவுக்கு. இதில் முதல் பாதி ஓரளவு சரி, இரண்டாம் பாதி வெறும் கதை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (அதாவது மைனர்) மற்றும் பாதுகாவலர் சட்டத்தில் 6ஆவது பிரிவு, ஐந்து வயது முடியாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. பொதுவாகத்தான், எப்போதும் என்று இல்லை. ஐந்து முடிந்த மறுநாள் அப்பா வந்து தூக்கிக்கொண்டு போகலாம் என்று எங்கேயும் எழுதவில்லை. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று சொல்லிவிடுகிறது. தீர்ப்புகள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கின்றன.

இயற்கைப் பாதுகாவலர், அதாவது பிள்ளை சார்பில் சட்டப்படி கையெழுத்துப் போடுகிறவர், யார் என்பது வேறு கதை. அது முதலில் தந்தை, அவருக்குப் பின் தாய் என்றுதான் இன்றும் சட்டப் புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்கப் போய், அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1999இல் தீர்ப்பு வந்தது. தந்தை உயிரோடு இருந்தாலும் பிள்ளையின் பொறுப்பில் அவர் இல்லாத நிலையில் தாயே இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்றார்கள். தீர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும் அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்கிற ஆபீஸ் கவுன்ட்டர்கள் இருக்கத்தான் செய்கின்றன, அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நிஜத்தில் கோர்ட் எதைப் பார்க்கிறது? பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பள்ளியில் படிக்கிறது, காய்ச்சல் வந்தால் யார் டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள். சம்பளம் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் போதாது. அதிகம் சம்பாதிக்கிறவர் பணம் கொடுக்கலாமே, அதற்குப் பிள்ளையே அவரிடம் இருக்க வேண்டும் என்பதில்லையே. அதனால் முதல் சில மாதங்கள் ரொம்ப முக்கியம். வழக்கு வருடக்கணக்கில் நடக்கும், அதுவரை பிள்ளை யாரோடு பழகிவிட்டதோ அங்கிருந்து பெயர்த்து எடுக்க எந்த நீதிபதியும் தயங்குவார். இது தெரிந்த வக்கீல்கள்தான் முதல் நாளே இடைக்கால மனு போடச் சொல்கிறார்கள். இது தெரிந்துதான் சிலர் ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி குழந்தை வழக்கமாக வசிக்கிற ஊரின் நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். ஒரு மாதம் முன்பு பஸ் ஏறிப் போன ஊர் வழக்கமாக வசிக்கிற ஊர் ஆகிவிடாது, ஆனால் அதை நிரூபிப்பதற்குள் அரையாண்டுப் பரீட்சை வந்துவிடும்.

அப்படித் தூக்கிப் போனால் போலீசுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம். பெற்றவரே கூட்டிப் போயிருக்கும்போது கடத்தல் வழக்கு சுலபத்தில் நிற்காது, "குடும்ப விஷயம், கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவது இன்னொரு வழி. சட்டத்துக்குப் புறம்பாகப் பிள்ளையை வைத்திருந்தால் அந்த மனு செல்லும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விவரமாக விசாரிக்க வேண்டியிருந்தால் மறுபடி குடும்ப நல நீதிமன்றத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

சரி, விசிட்டிங் பற்றி. இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை என்றால், சனி அல்லது ஞாயிறு சில மணி நேரம் கோர்ட் வளாகத்திலேயே ஓர் அறையில் பார்க்கச் சொல்வார்கள். அங்கே ஒரு அப்பாவைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கிற மகளுக்காக வெள்ளரிக்காயை நீளமாக நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி டப்பாவில் கொண்டுவருவார். அந்தப் பெண் முதல் அரை மணி நேரம் அவரைப் பார்க்காது, வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் மெதுவாக ஒரு துண்டு எடுக்கும், ஸ்கூலில் யாரோ யாரையோ கிள்ளிய கதையைத் தொடங்கும், கதை சூடு பிடிக்கிறபோது நேரம் முடிந்துவிடும். வாராவாரம் இதே. அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் கிடையாது, அவருக்கு என்ன நடந்ததோ யாருக்குத் தெரியும். ஆனால் அடி உதை, குடி மாதிரி பயப்பட வேண்டிய காரணம் எதுவும் இல்லாத வீடுகளிலும், எப்படிப் பார்ப்பது என்று யாரும் உட்கார்ந்து பேசாததால், பிள்ளைகள் அந்த அறைக்கு வந்து சேர்கின்றன. இரண்டு பேரின் அன்பும் பிள்ளைக்கு உரிமை, நேரில் பார்க்க முடியாத நாளில் போனிலோ வீடியோ காலிலோ பேச வைக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் எழுதியது. மனுவில் அதையும் கேளுங்கள்.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்களிடம்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. மனு போட்ட பிறகு இருக்கிற ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த அவகாசமும் பலருக்குக் கிடையாது. எப்படியாவது முடிந்தால் போதும் என்ற களைப்பில், "பிள்ளை தாயிடம் இருக்கும், தந்தை அவ்வப்போது பார்க்கலாம்" என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த "அவ்வப்போது" அடுத்த பத்து வருடச் சண்டைக்கு விதை.

எங்கள் வக்கீல் அம்மா அந்த விஷயத்தில் கெட்டி. ஒப்பந்தம் எழுதும்போது, "பொங்கல் பிரச்சினை இல்லம்மா, போகியும் பெரும்பொங்கலும் ஒரு வீடு, மாட்டுப்பொங்கலும் காணும்பொங்கலும் இன்னொரு வீடு. தீபாவளிக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார். தீபாவளி அன்று என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எப்போதிலிருந்து? விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது யார், முதல் வெடி யார் வீட்டு வாசலில்? கடைசியில், முந்தைய நாள் மாலை 6 மணி முதல் தீபாவளியன்று மதியம் 2 மணி வரை ஒரு வீடு, அதன் பிறகு மறுநாள் மாலை வரை இன்னொரு வீடு, வருடா வருடம் மாற்றிக்கொள்வது என்று எழுதினோம். என் மகனின் அப்பா சிரித்தார், நானும்தான். அந்த வரி இருப்பதால் இன்றுவரை அக்டோபர் மாதம் எங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் சண்டை கிடையாது.

பிறந்தநாள், முழுப் பரீட்சை லீவு, எங்கே கொண்டுவந்து விடுவது, தாத்தா பாட்டி வந்து அழைத்துப் போகலாமா, யாருக்காவது வேலை மாற்றலானால் என்ன, பாஸ்போர்ட்டுக்கு இருவரும் கையெழுத்துப் போடுவார்களா, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் எண்ணும் இருக்குமா, எல்லாம் எழுதுங்கள். மொட்டையும் காதுகுத்தும் கூட. குலதெய்வம் அப்பா வழி, காது குத்த உட்காருவது தாய்மாமன் மடியில், ஆகவே இரண்டு குடும்பமும் ஒரே நாளில் ஒரே கோயிலில் நின்றாக வேண்டும். ஆணையில் இதற்கு ஒரு வரி இல்லாமல் இரண்டு வருடமாகக் காது குத்தப்படாமல் ஒரு பெண் குழந்தை எனக்குத் தெரிந்த வீட்டில் இருக்கிறது.

"நான் ஜீவனாம்சம் கேட்கமாட்டேன், நீ பிள்ளையைக் கேட்காதே" என்று ஒரு பேரம் நடக்கும். தயவுசெய்து வேண்டாம். உங்களுக்கு வர வேண்டியதை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், பிள்ளைக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அது பிறகும் கேட்கப்படலாம், கேட்டால் கோர்ட் கேட்கும். அதே மாதிரி பணம் தரவில்லை என்பதற்காக நீங்களாகவே பிள்ளையைக் காட்டாமல் இருக்க முடியாது, பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காக அவர் பணத்தை நிறுத்தவும் முடியாது. இரண்டுக்கும் தனித்தனி மனு.

பிள்ளையையே கேட்பார்களா? கேட்பார்கள். யோசித்துச் சொல்லும் வயது வந்துவிட்டால் அதன் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, இத்தனை வயது என்று எண் எதுவும் கிடையாது. நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார். சொல்லிக் கொடுத்து அனுப்பினால் அவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். எட்டு வயதுப் பையன் "அப்பா என் எதிர்காலத்துக்கு ஏற்றவர் இல்லை" என்று பேசினால் யாருக்குத்தான் புரியாது? 1973இல் சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ இல்லை என்று எழுதிவிட்டது.

மேலே சொன்ன ஐந்து வயதுக் கணக்கு இந்துக்களுக்கு. முஸ்லிம்களில் ஹனஃபி என்கிற சட்ட மரபின்படி மகன் ஏழு வயது வரை, மகள் பருவமடையும் வரை தாயிடம். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 38ஆவது பிரிவு. எதில் போனாலும் கோர்ட் கடைசியில் பிள்ளையின் நலனைத்தான் பார்க்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எல்லை தாண்டிக் கொண்டுபோகப்படும் குழந்தைகள் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அங்கே வாங்கிய ஆணையைக் காட்டினால் இங்கே உடனே பிள்ளையை ஒப்படைத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, இங்கேயும் முதலிலிருந்து நலன் பார்ப்பார்கள்.

கூட்டுப் பராமரிப்பை முறைப்படி சட்டத்தில் சேர்க்கச் சொல்லி 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே 2013இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் வருடத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஆறு மாதம் அப்பா, ஆறு மாதம் அம்மா என்று கொடுத்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு வீடும் ஒரே பள்ளி வேன் வரும் தூரத்தில் இருந்தால்தான் அது நடக்கும் என்பது என் அபிப்பிராயம். அண்ணா நகரும் தாம்பரமும் என்றால் பிள்ளை பாதி வாழ்க்கையை வேனில்தான் கழிக்கும்.

கடைசியாக, அதிகம் பேர் கேட்பது: மறுமணம் செய்தால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களா? மறுமணம் ஒன்றை மட்டும் வைத்துப் பிடுங்க மாட்டார்கள். புது வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று வேண்டுமானால் பார்ப்பார்கள். கஸ்டடி ஆணை எதுவுமே நிரந்தரம் கிடையாது, இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவில் நிலைமை மாறினால் இருவரில் யார் வேண்டுமானாலும் மாற்றச் சொல்லி மனு போடலாம். அதனால் ஆணையின் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். ஒன்றைப் பள்ளியில் கொடுத்து, யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.