மேசைக்கு அடியில் கேட்ட டக் டக்

போன மாதம் ஒரு ராத்திரி, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்ட பிறகு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். டக், டக், டக். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் டக், டக். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் திரை அப்படியே உறைந்து நிற்கும்.

இங்கே அடிக்கிற புழுக்கத்துக்கும் சேர்கிற தூசிக்கும் விசிறிதான் முனகுகிறது என்று நினைத்தேன். பக்கப் பலகையைக் கழற்றி, விசிறியின் நடுக் குமிழை விரலால் மெல்லப் பிடித்து ஒரு விநாடி நிறுத்திப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை. அப்புறம் நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஹார்ட் டிஸ்க்கின் ஓரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். சந்தேகமே இல்லை, உள்ளேயிருந்துதான் வருகிறது.

எல்லாச் சத்தமும் கெட்டதல்ல. கோப்புகளைப் படிக்கும்போது கரகரவென்று லேசாகக் கேட்பதும், வேலை இல்லாதபோது எப்போதாவது ஒரு 'டிக்' வருவதும் இயல்புதான். என் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று வகை. உள்ளே இருக்கும் தட்டு விநாடிக்கு 120 தடவை சுழலும். அதன் மேல் தரவைப் படிக்கும் முள் தொடாமல் மிதந்துகொண்டே, தட்டில் பதிந்திருக்கும் அடையாளங்களைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும். வழி தவறினால் பின்னால் போய் மறுபடி முயலும். விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வரும் டக் டக் பெரும்பாலும் அந்த முயற்சிதான். உலோகம் உரசும் சத்தம் கேட்டால் மட்டும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள்.

மின் இணைப்புத் தளர்ந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால், கேபிள் இரண்டையும் மாற்றினேன். பலனில்லை. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி7 என்ற வரி பூஜ்யமாகவே இருந்தது, அதாவது தரவுக் கேபிளில் பிழை இல்லை. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களை, அதாவது தட்டின் சிறு பகுதிகளை, எண்ணிச் சொல்லும் சி5 வரியில் முதல் நாள் 8. மூன்றாம் நாள் 38. அது பதினாறின் அடிப்படையிலான ஹெக்ஸ் கணக்கு, நம் கணக்கில் 56.

அந்த மூன்று நாளும் நான் சோதனைதான் செய்துகொண்டிருந்தேன். இப்போதும் நினைத்தால் மனசு பதறுகிறது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி அப்பா பேசியதை, அவர் இறப்பதற்கு முன் பதிவு செய்து அந்த டிஸ்க்கில்தான் வைத்திருந்தேன். வேறு பிரதி கிடையாது.

ஒரு கடையில் கேட்டதற்கு, "டிஸ்க் செக் ஓடவிடுங்க, சரியாயிடும்" என்றார்கள். நல்ல வேளை, அதற்கு முன் அலுவலக நண்பர் ஒருவருக்குப் போன் போட்டேன். "தம்பி, சோதனை போதும். செக் எல்லாம் ஓடவிடாதே, இருக்கிற உயிரையும் அது உறிஞ்சிடும். முதல்ல காப்பி எடுப்பா" என்றார் அவர்.

உடனே அப்பாவின் கோப்புறையை மட்டும் முதலில் நகலெடுத்தேன். பிறகு சிம் லிம் சதுக்கத்தில் புது டிஸ்க் ஒன்று வாங்கி வந்து, யூஎஸ்பியில் உபுண்டு இயங்குதளத்தை ஏற்றி, டிடிரெஸ்க்யூவை ஓடவிட்டேன். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, மக்கர் செய்யும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கும் மென்பொருள் அது. நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 19 மணி நேரம் ஆனது. 11 எம்பி மட்டும் வரவில்லை.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் அடையாளமே காணவில்லை என்றால் இதையெல்லாம் முயலாதீர்கள். தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். செலவு அதிகம்தான். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்த கையோடு உள்ளே நீர் கோத்துவிடும்.

அப்பாவின் பதிவுகள் முழுசாக இருக்கின்றன. ஒரு பிரதி தெம்பனிஸில் அக்கா வீட்டில், ஒன்று என்னிடம். பழைய டிஸ்க்கை யாரும் தெரியாமல் செருகிவிடக் கூடாதென்று, அதன்மேல் சிவப்பு மார்க்கரால் 'பழுது' என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்.